குளிர்நாளுக்கு ஒரு கனமான சைவ சூப்

சைவ சூப் குடித்தால் அரை மணி நேரத்தில் மறுபடி பசிக்கிறது என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். இறைச்சி சேராததுதான் காரணம் என்று நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. காய்களை நறுக்கி எல்லாவற்றையும் ஒன்றாகத் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவிட்டால் கிடைப்பது காய் வெந்த தண்ணீர்தான். அதில் உப்பும் மிளகும் தூவினாலும் கனம் வராது. கனத்தைத் தனியாக உருவாக்க வேண்டும். கொஞ்சம் எண்ணெயில் வதக்கும்போது வரும், கொஞ்சம் பருப்பும் தானியமும் கரையும்போது வரும், மீதி இறக்கிய பிறகு சேர்ப்பவற்றால் வரும். குளிர் தொடங்கியதும் நான் செய்யும் ஒரு பெரிய பானை சூப்பை இங்கே படிப்படியாக எழுதுகிறேன். ஆறு பேர் வயிறு நிறையச் சாப்பிடலாம்.

எடுத்துக்கொண்டவை: ராஜ்மா 150 கிராம், மைசூர் பருப்பு 100 கிராம், பார்லி 80 கிராம், பெரிய வெங்காயம் 2, கேரட் 3, செலரித் தண்டு 2, புதுக் காளான் 250 கிராம், உலர்ந்த ஷிட்டாகே காளான் ஒரு கைப்பிடி, பூண்டு 6 பல், தக்காளி 4, தக்காளி பேஸ்ட் 2 மேசைக்கரண்டி, நடுத்தர உருளைக்கிழங்கு 2, ஒரு கட்டு பசலைக்கீரை, பிரிஞ்சி இலை 2, சோயா சாஸ் ஒரு மேசைக்கரண்டி, எண்ணெய் 4 மேசைக்கரண்டி, எலுமிச்சை ஒன்று, மிளகு, உப்பு. தண்ணீர் மொத்தம் இரண்டரை லிட்டர் அளவில். பானை அடி கனமானதாகவும் வாய் அகன்றதாகவும் இருப்பது முக்கியம். ஏன் என்று வதக்கும் இடத்தில் சொல்கிறேன்.

வேலை முந்தைய இரவே தொடங்குகிறது. ராஜ்மாவை ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி உப்பு கரைத்து ஊறவைத்தேன். உப்பு போட்டால் பயறு வேகாது என்று ஒரு நம்பிக்கை உண்டு. ஊறவைக்கும் தண்ணீரைப் பொறுத்தவரை நடப்பது நேர்மாறு. பயற்றின் தோலை இறுக்கிப் பிடித்திருப்பவை கால்சியமும் மெக்னீசியமும். உப்பில் உள்ள சோடியம் அவற்றில் ஒரு பகுதியை வெளியேற்றி அந்த இடத்தில் உட்காருகிறது. தோல் இளகி, வேகும்போது வெடிக்காமல் சீராக மெத்தென்று ஆகிறது. வேகவைப்பதைத் தடுப்பது உப்பைவிடப் புளிப்புதான். அதனால்தான் தக்காளியைக் கடைசியில் சேர்க்கிறேன்.

அதே இரவில் ஷிட்டாகேயையும் அரை லிட்டர் பச்சைத் தண்ணீரில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தேன். சுடுதண்ணீரில் இருபது நிமிடத்தில் ஊறிவிடும்தான். ஆனால் குளிர்ந்த நீரில் மெதுவாக ஊறியதன் சாறு எனக்கு எப்போதும் தெளிவாகவும் ஆழமாகவும் இருக்கிறது. இந்தச் சாறுதான் சூப்புக்கு அடித்தளம், ஆகவே இதில் அவசரப்படுவதில்லை.

காலையில் ராஜ்மாவின் ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீர் ஊற்றி, முதலில் மூடாமல் பத்து நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டு நுரையை எடுத்தேன். அப்புறம் குக்கரை மூடி, அழுத்தம் ஏறியதும் தீயைக் குறைத்து கால் மணி நேரம் வைத்தேன். இங்கே ஒரு எச்சரிக்கை அவசியம். ராஜ்மாவில் இயற்கையாகவே லெக்டின் வகையைச் சேர்ந்த ஒரு நச்சுப் புரதம் இருக்கிறது. சரியாக வேகாத ராஜ்மாவைக் கொஞ்சம் சாப்பிட்டாலே சில மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரலாம். முழுக் கொதிநிலையில் குறைந்தது பத்து நிமிடம் கொதித்தால் அந்தப் புரதம் சிதைந்துவிடும். குக்கரில் வெப்பம் 120 டிகிரி செல்சியஸ் வரை போவதால் அங்கே கவலை இல்லை. ஸ்லோ குக்கர் வைத்திருப்பவர்கள்தான் கவனமாக இருக்க வேண்டும். அதன் குறைந்த சூட்டில் கொதிநிலையே வராமல் மணிக்கணக்கில் இருந்தால் நச்சு அப்படியே தங்கும். ஊறிய பயற்றை அடுப்பில் தனியாகக் கொதிக்கவைத்த பிறகே அதில் போட வேண்டும்.

உயரமான இடங்களில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்துக்கு ஒரு டிகிரி வீதம் தண்ணீரின் கொதிநிலை குறைகிறது. 2000 மீட்டரில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்கிறதே என்று பார்த்துக்கொண்டிருந்தாலும் பயறு வேக நேரமாகும். அங்கே குக்கர் இல்லாமல் பயறு சூப்பில் இறங்க நான் யோசிப்பேன்.

இனி அடுப்பில் பானை. சூப்பின் பாதிச் சுவை இந்தக் கட்டத்தில்தான் உருவாகிறது. தண்ணீர் ஊற்றும் முன் நாற்பது நிமிடம் நான் வதக்குவதில் செலவிடுகிறேன்.

இதற்கு வேதியியல் காரணம் உண்டு. சர்க்கரையும் புரதத்தின் அமினோ அமிலங்களும் நல்ல சூட்டில் சேரும்போது பழுப்பு நிறமும் நூற்றுக்கணக்கான வாசனைப் பொருள்களும் உண்டாகின்றன. பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீல் மையார் 1912-இல் இதை விவரித்தார். ரொட்டியின் மேல்தோல், வறுத்த காப்பிக்கொட்டை, பொன்னிறமாக வதங்கிய வெங்காயம் எல்லாவற்றிலும் இதே வினைதான். இது வேகமாக நடக்க 140 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். தண்ணீரோ 100 டிகிரியைத் தாண்டாது. அதாவது, காய் தண்ணீரில் இறங்கிவிட்டால் எத்தனை மணி நேரம் கொதித்தாலும் அந்தச் சுவை வந்து சேராது. எண்ணெயில் இருக்கும்போதே வாங்கிக்கொண்டுவிட வேண்டும்.

முதலில் காளான். தடிமனான துண்டுகளாக நறுக்கி, இரண்டு கரண்டி எண்ணெயில் பெரிய தீயில் போட்டேன். காளானில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். சில நிமிடத்தில் பானை குளமாகும். பதறாமல் அது வற்றும்வரை விட்டால், பிறகு சத்தம் மாறும். கொதிக்கும் ஒலி போய்ப் பொரியும் ஒலி வரும். அந்த ஒலிக்குப் பிறகு ஏழெட்டு நிமிடம் கிளறினால் ஓரமெல்லாம் பழுப்பாகிவிடும். காளானின் செல்சுவரில் கைட்டின் இருப்பதால் அது சூட்டில் கரைவதில்லை. எவ்வளவு நேரம் சமைத்தாலும் கடித்து மெல்ல ஏதுவாகவே இருக்கும். சைவ சூப்பில் பல்லுக்கு வேலை கொடுக்க இதைவிட நல்ல பொருள் எனக்குத் தெரியாது. வதங்கியதைத் தனித் தட்டில் எடுத்துவைத்தேன்.

அகலமான பானை கேட்டதன் காரணம் இதுதான். குறுகிய பானையில் காய்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும், அடியில் கிளம்பும் ஆவி மேலே உள்ளதை அவிக்கும், எதுவும் சிவக்காது. உங்களிடம் குறுகிய பானைதான் என்றால், ஒரு வாணலியில் இரண்டு தவணையாக வதக்கி மாற்றிக்கொள்ளுங்கள்.

அடுத்து வெங்காயம், கேரட், செலரி, மீதி எண்ணெய், ஒரு சிட்டிகை உப்பு. நடுத்தரத் தீயில் இருபத்தைந்து நிமிடம். வெங்காயம் கண்ணாடியாக மாறியதும் நிறுத்திவிடச் சொல்லும் குறிப்புகள் நிறைய உண்டு. குளிர்கால சூப்புக்கு அது போதாது. ஓரங்கள் பொன்னிறமாகி, பானையின் அடியில் பழுப்புப் படிவு பிடிக்க வேண்டும். படிவு கருகும் நிலைக்கு வருவதற்குள் இரண்டு கரண்டித் தண்ணீர் தெளித்து மரக்கரண்டியால் சுரண்டினால், அது கரைந்து காய்களோடு ஒட்டிக்கொள்ளும். மறுபடி படிவு, மறுபடி தண்ணீர். இப்படி மூன்று நான்கு தடவை செய்தால் வெங்காயம் நல்ல அரக்கு நிறத்துக்கு வந்துவிடும். ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டால் சீக்கிரம் சிவக்கும் என்பது உண்மைதான். ஆனால் காய் குழைந்து போகும், கொஞ்சம் கூடினால் சோப்பு வாடை வரும். நான் நேரத்தையே கொடுக்கிறேன்.

கேரட் எண்ணெயில் வதங்கும்போது எண்ணெய் ஆரஞ்சாக மாறுவதைக் கவனிக்கலாம். அதன் நிறமிகள் தண்ணீரில் கரையாதவை, கொழுப்பில் கரைபவை. கடைசியில் சூப்பின் மேல் மிதக்கும் அழகான துளிகள் இங்கிருந்து வருபவை.

பானையின் நடுவே இடம் ஒதுக்கி, நசுக்கிய பூண்டையும் தக்காளி பேஸ்ட்டையும் போட்டேன். பேஸ்ட்டை மூன்று நிமிடம் எண்ணெயில் வறுத்தால் பளிச்சென்ற சிவப்பு மங்கிச் செங்கல் நிறமாகும், பச்சை வாடை போய் ஒரு இனிப்பு வாசம் வரும். இந்த மூன்று நிமிடத்தைத் தவிர்த்துவிட்டு பேஸ்ட்டைத் தண்ணீரில் கரைப்பவர்கள் நல்ல சுவை ஒன்றை இழக்கிறார்கள். பேஸ்ட்டும் புளிப்புதானே என்று கேட்கலாம். இரண்டரை லிட்டரில் இரண்டு கரண்டி எந்தப் பருப்பையும் தடுக்காது. கழுவி வடித்த பார்லியையும் அதிலேயே போட்டு இரண்டு நிமிடம் பிரட்டினேன். சற்று வறுபட்ட தானியத்தில் ஒரு முந்திரி வாசம் ஏறும்.

இப்போதுதான் தண்ணீர். ஷிட்டாகே ஊறிய நீரை மெல்லிய துணியில் வடித்தேன், அடியில் மண் தங்கியிருக்கும். காளானைப் பிழிந்து, கட்டையான தண்டை நீக்கி, மெலிதாக நறுக்கிச் சேர்த்தேன். மேலும் ஒன்றரை லிட்டர் சுடுதண்ணீர், பிரிஞ்சி இலை, சோயா சாஸ், வதக்கி வைத்த காளான். குளிர்ந்த நீரை ஊற்றினால் பானை மறுபடி சூடேற வெகுநேரமாகும், அதனால் பக்கத்து அடுப்பில் சுடவைத்துக்கொண்டேன்.

இந்தச் சேர்க்கை தற்செயலானதல்ல. 1908-இல் டோக்கியோவில் வேதியியல் பேராசிரியராக இருந்த கிகுனே இகேடா, கொம்பு என்ற கடற்பாசிச் சாற்றின் தனிச் சுவைக்குக் காரணம் குளுட்டமேட் என்று கண்டறிந்தார். அந்தச் சுவைக்கு உமாமி என்று பெயரிட்டார். இறைச்சிச் சாற்றில் நாம் உணரும் நிறைவில் பெரும்பங்கு இதுதான். தாவரங்களிலும் இது தாராளமாக உண்டு. தக்காளியில், அதுவும் சதையைவிட விதையைச் சுற்றியுள்ள கொழகொழப்பான பகுதியில், அதிகம். சோயா சாஸிலும் நிறைய. உலர்ந்த ஷிட்டாகேயில் குவானிலேட் என்ற வேறொரு பொருள் இருக்கிறது. குளுட்டமேட்டும் குவானிலேட்டும் ஒரே வாயில் சேரும்போது சுவை இரண்டின் கூட்டுத்தொகையைவிடப் பல மடங்கு கூடுகிறது. தக்காளியும் உலர்ந்த காளானும் ஒரே பானையில் இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருப்பது இதனால்தான். சிலர் கெட்டியாகிவிட்ட பார்மசான் சீஸின் ஓரத்தைப் போடுவார்கள். சுவை வரும். ஆனால் மரபான பார்மசானில் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னட் சேர்கிறது. சைவத்தில் உறுதியாக இருப்பவர்கள் அதைத் தவிர்க்க வேண்டியிருக்கும்.

தனியாக வெஜிடபிள் ஸ்டாக் வைக்க வேண்டுமா? இவ்வளவு வதக்கிய பிறகு தேவையில்லை. நேரத்தை வெங்காயத்துக்குக் கொடுங்கள். ஸ்டாக் வைத்தே பழகியவர்கள் முட்டைக்கோஸ், காலிஃப்ளவர் தண்டுகளை அதில் போடாமல் இருந்தால் போதும். நெடுநேரம் கொதித்தால் அவற்றிலிருந்து கந்தக வாடை கிளம்பும்.

பானையைச் சிறுதீயில், மேலே ஒன்றிரண்டு குமிழிகள் மட்டும் எழும்படி வைத்தேன். பார்லி பாதி வேக இருபத்தைந்து நிமிடம். பிறகு கழுவிய மைசூர் பருப்பும் சதுரமாக நறுக்கிய உருளைக்கிழங்கும். தோல் நீக்கி உடைத்த மைசூர் பருப்பு இருபது நிமிடத்துக்குள் கரைந்துவிடும். அது கரைய வேண்டும் என்பதற்காகவே போடுகிறேன். சூப்பின் உடம்பு அதுதான். பார்லியிலிருந்து வெளிவரும் பீட்டா குளுக்கன் என்ற நார்ப்பொருளும் சேர்ந்து, மாவோ கிரீமோ இல்லாமலே சூப் வழவழப்பாகிறது. முழு ராஜ்மாவும் காளானும் மெல்லக் கிடைக்கின்றன, கரைந்த பருப்பு அவற்றைத் தாங்குகிறது. இரண்டும் வேண்டும். எல்லாமே கரைந்தால் கஞ்சி, எதுவும் கரையாவிட்டால் தண்ணீரில் மிதக்கும் காய். பசி தாங்குவதும் இந்தப் பயறு, பருப்பு, தானியத்தால்தான். உலர்ந்த பருப்பின் எடையில் ஏறக்குறைய கால்பங்கு புரதம்.

உருளைக்கிழங்கு வெந்ததும் ராஜ்மாவை அதன் வெந்த நீரோடு ஊற்றினேன். நறுக்கிய தக்காளியையும் விதையோடு அப்படியே சேர்த்துப் பத்து நிமிடம். இந்த நேரத்தில்தான் அடர்த்தியைப் பார்ப்பேன். போதாது என்று தோன்றினால் இரண்டு கரண்டி எடுத்துத் தட்டில் மசித்துத் திருப்பி ஊற்றுவது போதும். மிக்ஸியில் போட வேண்டாம் என்பது என் கருத்து. உருளைக்கிழங்கின் மாவுச்சத்து வேகமாகச் சுற்றும் கத்தியில் உடைந்து பசையாகிவிடும். வேறு சூப்பை மிக்ஸியில் அடிப்பவர்களும் சூடாக இருந்தால் பாதி ஜாருக்கு மேல் நிரப்பாதீர்கள். ஆவி மூடியைத் தூக்கி அடித்துக் கையைச் சுட்டுவிடும்.

உப்பு. முழுப் பானைக்கும் லிட்டருக்கு எட்டு கிராம் என்பது எனக்குச் சரியான தொடக்கம். சோயா சாஸிலும் ராஜ்மாவிலும் ஏற்கெனவே கொஞ்சம் இருப்பதால் அதற்கும் சற்றுக் குறைவாகவே போட்டு, ருசி பார்த்துக் கூட்டினேன். கொதிக்கக் கொதிக்க நாக்கில் வைத்தால் உப்பு சரியாகத் தெரியாது. ஒரு கரண்டியைச் சின்னக் கிண்ணத்தில் ஆறவிட்டுப் பார்ப்பதே நல்லது.

அடுப்பை அணைக்கும் மூன்று நிமிடம் முன்பு கீரை. அணைத்த பிறகு எலுமிச்சைச் சாறு, அப்போதே பொடித்த மிளகு, ஒரு கரண்டி நல்ல எண்ணெய். எலுமிச்சையை முதலில் ஒரு தேக்கரண்டி மட்டும் விட்டு ருசி பாருங்கள். பருப்பு சூப் ஏதோ மந்தமாக இருக்கிறது, உப்பு போதவில்லை என்று தோன்றும் பல சமயங்களில் உண்மையில் குறைவது புளிப்புதான். இரண்டாவது தேக்கரண்டி விழுந்ததும் எல்லாச் சுவையும் தனித்தனியாகத் தெரிய ஆரம்பிக்கும். முன்கூட்டியே பிழிந்து கொதிக்கவிட்டால் வாசனை ஆவியோடு போய்விடும், கீரையும் பச்சை மங்கிப் பழுப்பாகும்.

பரிமாறும் கிண்ணங்களில் முன்பே கொதிநீர் ஊற்றி வைத்திருந்தேன். குளிர்ந்த கிண்ணம் சூப்பின் சூட்டை முதல் நிமிடத்திலேயே உறிஞ்சிவிடும். கெட்டியான சூப் நீர்த்த சூப்பைவிட அதிக நேரம் சூடாக இருப்பதற்கும் காரணம் உண்டு. நீர்த்ததில் ஆறிய நீர் கீழிறங்கிச் சூடானது மேலே வந்துகொண்டே இருக்கும். கெட்டியானதில் அந்த ஓட்டம் மட்டுப்படுகிறது. மேலே படரும் எண்ணெய்ப் படலம் ஆவியாவதைக் குறைக்கிறது. கடைசியில் விட்ட அந்த ஒரு கரண்டி எண்ணெய் சுவைக்கு மட்டுமல்ல.

மீதமானது மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும், ஆனால் அதை ஆறவைக்கும் முறை முக்கியம். வெளியே குளிராகத்தானே இருக்கிறது என்று பெரிய பானையை இரவெல்லாம் அடுப்பிலேயே விடக் கூடாது. கெட்டியான சூப்பின் நடுப்பகுதி பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும். மாவுச்சத்துள்ள உணவில் கொதித்தும் சாகாத பாக்டீரிய வித்துகள் உண்டு, அவை பெருக அந்த வெதுவெதுப்பு போதும். மேல் பரப்பு அகன்ற ஆழமில்லாத பாத்திரங்களில் பிரித்து ஊற்றி, இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுகிறேன். மூன்று நான்கு நாள் நன்றாக இருக்கும். பார்லி இரவு முழுக்க நீரை உறிஞ்சிக்கொண்டே இருப்பதால் மறுநாள் கட்டியாக நிற்கும். சுடவைக்கும்போது ஒரு டம்ளர் சுடுதண்ணீர் விட்டு, கொதி வந்த பிறகு உப்பையும் எலுமிச்சையையும் மறுபடி சரிபார்க்க வேண்டும்.

ஃப்ரீசரில் வைப்பதாக இருந்தால் உருளைக்கிழங்கு சேர்க்காமல் ஒரு பகுதியைத் தனியாகச் சமையுங்கள். உறைந்து உருகிய உருளைக்கிழங்கு மணல்மணலாகிவிடும். தண்ணீர் உறையும்போது ஒன்பது சதவீதம் விரிவதால், டப்பாவின் மேலே இரண்டு விரல் இடம் விட்டு மூடுங்கள். கீரையையும் அப்போது சேர்க்காமல், சூடாக்கும் நாளில் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம்.